மூலமும் பிரதியும்: ஓவியத் தபாலட்டை எழுப்பும் வினாக்கள்

ஐரோப்பிய நகரமொன்றின் ஓவியக்கூடத்தைப் பார்த்து வெளியேறுவோருட் பெரும்பாலானோர் வாயிலருகேயுள்ள விற்பனைப் பகுதியிற் சற்று நேரம் நின்றே செல்வர். அங்கே மிகக் குறைந்த விலைக்குக் கிடைப்பவை தபாலட்டைகள். சற்று முன்னர் சுவரிலே கண்ட ஓவியத்தை உள்ளங்கையளவு அட்டையில் அச்சிட்ட வடிவில் வாங்கிப் பையிலிட்டுக்கொண்டு அவர்கள் வீடு திரும்புகின்றனர். மிகச் சாதாரணமான கொடுக்கல் வாங்கலாகவே இது தோன்றும். ஆயின், அவ்வாறு வாங்கியவர் வாங்கியது யாது என்று வினவின் விடை கூறுதல் எளிதன்று. ஓவியத்தை அவர் வாங்கவில்லை. அது சுவரிலேயே இருக்கின்றது. வெறும் அட்டையையும் மையையும் வாங்கினார் என்பதும் பொருந்தாது. அவ்வாறாயின் எந்த அட்டையும் அவருக்குப் போதுமானதாயிருந்திருக்கும். ஓவியத்தைக் கண்ட நினைவையே அவர் வாங்கினார் எனலாம். அங்ஙனமாயின், அவ்வோவியத்தை ஒருபோதும் நேரிற் காணாத ஒருவர் அதே அட்டையைத் தொலைதூரத்திலிருந்து தருவித்துப் பார்க்கும்போது பெறுவது யாது?

இது வெறும் தருக்க விளையாட்டன்று. உலகின் புகழ்பெற்ற ஓவியங்களைப் பற்றிப் பேசுவோர், எழுதுவோர், மாணவர்க்குக் கற்பிப்போர் ஆகியோருள் மிகப் பலர் அவற்றைப் பிரதிகளின் வாயிலாகவே அறிந்தவர்கள். றெம்பிரான்டின் ஒளியையும் நிழலையும் பற்றி நமது நாட்டில் நிகழும் உரையாடல்கள் பெரும்பாலும் காகிதத்தைப் பார்த்து நிகழ்வனவே. பிரதி பொய்யாயின் இவ்வறிவும் பொய்யாதல் வேண்டும். பிரதியே போதுமாயின், மூலத்தைக் காத்துவைப்பதற்குச் செலவிடப்படும் பெரும்பொருளும் உழைப்பும் ஒருவகை மூடநம்பிக்கையாதல் வேண்டும். இவ்விரண்டினையும் ஒருங்கே மறுப்பதற்கு நியாயம் உண்டா என்பதே நாம் ஆராய வேண்டுவது.

பிரதியின் மீதான ஐயம் மிகப் பழையது. பிளேட்டோ தமது 'குடியரசு' நூலின் பத்தாம் பகுதியிலே கட்டிலை உதாரணமாகக் காட்டுவார். கட்டில் என்னும் கருத்துவடிவம் முதலாவது. தச்சன் செய்த கட்டில் இரண்டாவது. ஓவியன் தீட்டிய கட்டில் மூன்றாவது. இக்கணக்கின்படி ஓவியத் தபாலட்டை நான்காவது படியில் நிற்கும். எனினும் பிளேட்டோவின் வாதத்தை இங்கு அப்படியே பொருத்துதல் இயலாது. கட்டிலைத் தீட்டியவன் தச்சுத்தொழிலை அறியாதவன், அறியாததை அறிந்தான் போற் காட்டுகின்றான் என்பதே அவரது முறைப்பாடு. நேர்மையான தபாலட்டையோ அத்தகைய பாவனை எதுவும் செய்வதில்லை. இன்னார் தீட்டிய இன்ன ஓவியத்தின் படம் என்று அது தன் பின்புறத்திலேயே கூறிவிடுகின்றது.

இக்காலத்து மெய்யியலாளருள் நெல்சன் குட்மன் இப்பிரச்சினைக்குப் பயனுள்ள ஒரு வேறுபாட்டை வகுத்தார். 1968 இல் வெளியான 'கலையின் மொழிகள்' என்னும் நூலில், கலைகளை அவர் இருவகையாகப் பிரிக்கின்றார். கவிதை, இசைக்குறிப்பு முதலியவற்றில் எழுத்தும் குறியும் பிழையின்றிப் பெயர்க்கப்படுமாயின் ஒவ்வொரு பிரதியும் மூலமேயாகும். ஓவியத்தில் அவ்வாறன்று. படைத்தவன் கைபட்ட பொருள் ஒன்றே ஓவியம். அதனை எவ்வளவு நுணுக்கமாகப் பெயர்த்தாலும் பெயர்ப்பு பெயர்ப்பே. தமிழ் மாணவர்க்கு இவ்வேறுபாடு உடனே விளங்கும். சங்கப் புலவர் எவரதும் கையெழுத்து நம்மிடம் இல்லை. ஏட்டிலிருந்து ஏட்டுக்குப் பெயர்த்து எழுதப்பட்டு வந்தவற்றையே சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் தேடி ஒப்புநோக்கி அச்சேற்றினர். 1887 இல் தாமோதரம்பிள்ளை பதிப்பித்த கலித்தொகையைப் படித்தவரை நோக்கி 'நீர் கலித்தொகையின் பிரதியைத்தான் படித்தீர்' என்று எவரும் குறைகூறுவதில்லை. ஆயின் வெர்மியரின் ஓவியத்தைத் தபாலட்டையிற் பார்த்தவரிடம் அவ்வாறு கூறுகின்றோம். கூறுவது நியாயமே. அவ்வாறு கூறும்போது அவர் எதனைப் பார்த்தார், எதனைப் பார்க்கவில்லை என்பதனைத் துல்லியமாகச் சொல்லும் கடமையும் நமக்கு உண்டு. அதனைச் செய்யாது பொதுப்படையாகத் தலையசைத்து ஒதுக்குதல் ஆராய்ச்சியாகாது.

வால்ற்றர் பெஞ்சமினின் புகழ்பெற்ற கட்டுரை இவ்விடத்தில் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். 1936 இல் முதன்முதலாகப் பிரெஞ்சு மொழியில் வெளிவந்த அக்கட்டுரையில், இயந்திரப் பிரதியாக்கம் கலைப்பொருளின் தனித்துவப் பொலிவை வாடச்செய்கின்றது என்று அவர் வாதிட்டார். ஓரிடத்தில், ஒரு பொருளாக, ஒரு வரலாற்றோடு நிற்பதாலேயே மூலத்துக்கு அப்பொலிவு உண்டாயிற்று. அதன் வேர் சடங்கிலும் வழிபாட்டிலும் இருந்தது என்பது அவர் கருத்து. பொலிவின் இழப்பைப் பெஞ்சமின் வெறும் துயரமாகக் கொள்ளவில்லை. மக்கள் திரளுக்குக் கலை கைவரும் வாய்ப்பாகவும் கண்டார் என்பது பலராலும் மறக்கப்படுகின்றது.

பின்னர் நிகழ்ந்தவை அவரது எதிர்பார்ப்புக்கு முற்றிலும் இசைந்தனவாயில்லை. பிரதிகள் பெருகப் பெருக மூலத்தைக் காணச் செல்லும் கூட்டமும் பெருகியது. தபாலட்டையாகவும் நாட்காட்டியாகவும் உலகெங்கும் பரவியதனாலேயே மோனா லிசாவின் முன் மக்கள் திரள்கின்றனர். பிரதி மூலத்தின் பொலிவை அழிப்பதற்குப் பதிலாக அதனை உற்பத்தி செய்கின்றது எனவும் கூறலாம். சடங்கும் பொலிவும் பற்றிய அவரது கருத்துக்கு நமது வீடுகளே வேறொரு திருத்தத்தை அளிக்கின்றன. ரவிவர்மா 1894 இல் பம்பாயில் நிறுவிய அச்சகத்திலிருந்து வெளிவந்த இலட்சுமியும் சரஸ்வதியும், பின்னர் கொண்டைய ராஜூ தீட்டிச் சிவகாசியில் அச்சான தெய்வப் படங்களும் தமிழர் இல்லங்களிற் சந்தனமும் குங்குமமும் பெற்றன. அப்படத்தை வணங்குபவர் அதன் மூல ஓவியம் எங்கேயுள்ளது என்று கேட்பதில்லை. வழிபாட்டுக்கு ஒருமை இன்றியமையாததன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆனால் ஓவியத் தபாலட்டை வழிபடு பொருளன்று. தெய்வப்படம் தனக்கு அப்பாலுள்ள தெய்வத்தைச் சுட்டுகின்றது. தபாலட்டை தனக்கு அப்பாலுள்ள மற்றொரு படத்தைச் சுட்டுகின்றது. சரியாகச் சுட்டுகின்றதா என்பதே அதனிடம் நாம் கேட்கவேண்டிய கேள்வி.

பிரதியை நேர்மையாகச் செய்யவேண்டும் என்ற எண்ணம் வணிகத்துக்கு முன்னரே தோன்றிவிட்டது. இலண்டனில் 1848 இல் உருவான அருண்டெல் சங்கம் இத்தாலியச் சுவரோவியங்கள் சிதைந்து அழிவதைக் கண்டு, அவற்றை வண்ணக் கல்லச்சாக வெளியிட்டு வந்தது. 1897 வரை அது இயங்கியது. ஒஸ்திரியா–ஹங்கேரியப் பேரரசு 1869 ஒக்டோபர் 1 ஆம் நாள் வெளியிட்ட முதலாவது தபாலட்டையிற் படம் எதுவும் இருக்கவில்லை. அந்நூற்றாண்டின் இறுதியிலேயே படத் தபாலட்டை ஐரோப்பாவெங்கும் பரவியது. 1908 இல் இலண்டனில் தோன்றிய மெடிசி சங்கம் பழைய ஓவியர்களின் ஆக்கங்களை இயன்றவரை உண்மை நிறத்தோடு இயன்றவரை குறைந்த விலையில் மக்களுக்கு அளிப்பதைக் குறிக்கோளாகக் கொண்டது. அதன் பிரதிகள் ஊன்பசைப் படலத்தின் மீது ஒளியின் செயலாற் பதிவுபெறும் 'கொலோற்றைப்' முறையில் அச்சானவை. இன்று வழக்கிலுள்ள நால்வண்ண அச்சைப் பூதக்கண்ணாடியினூடே பார்த்தால் நீலம், செந்நீலம், மஞ்சள், கறுப்பு ஆகிய நிறப்புள்ளிகள் வலைபோற் பரந்து கிடப்பதைக் காணலாம். பழைய முறையில் அவ்வலை இல்லை. நிறம் நீர்போற் படர்ந்து செல்லும். உயர்தரப் பிரதி என்று சேகரிப்போர் சொல்லும்போது முதலிற் கருதுவது இத்தகைய அச்சுநுட்பத்தையே.

ஆனால் அச்சுநுட்பம் மட்டும் உண்மையைத் தந்துவிடாது. அளவினை எடுத்துக்கொள்வோம். பரிஸ் நகரின் லூவர் நூதனசாலையில் மோனா லிசா தொங்கும் அதே மண்டபத்தில், அதற்கு எதிர்ச்சுவரிலே வெரோனேசியின் 'கானாவூர்த் திருமணம்' உள்ளது. மோனா லிசா 77 சென்ரிமீற்றர் உயரமும் 53 சென்ரிமீற்றர் அகலமும் உடையது. வெரோனேசியின் ஓவியம் ஏறத்தாழ 6.8 மீற்றர் உயரம், 9.9 மீற்றர் அகலம். விற்பனைப் பகுதியில் இரண்டும் ஒரே அளவு அட்டையில், ஒரே விலையில், அடுத்தடுத்து நிற்கின்றன. மோனா லிசாவின் பரப்பு முப்பதில் ஒரு பங்களவாகச் சுருங்கியுள்ளது. திருமண விருந்தோ நாலாயிரத்தில் ஒரு பங்கிலும் குறைவாகச் சுருங்கிவிட்டது. மூலத்தில் மனித அளவினதான ஒரு தலை அட்டையில் நெல்மணியளவுதானும் இராது. பிரதிகளின் உலகிற் சிறியதும் பெரியதும் சமமாகிவிடுகின்றன என்பதை அந்திரே மல்றோ 1947 இல் வெளியிட்ட 'கற்பனை நூதனசாலை' நூலிற் சுட்டிக்காட்டி, அதிலிருந்து புதிய ஒப்பீடுகள் பிறப்பதாக மகிழ்ந்தார். ஒப்பீடுகள் பிறக்கின்றன என்பது உண்மையே. எனினும் விருந்தின் முன் நிற்பவன் தான் அவ்விருந்து மண்டபத்தினுள் நுழைவதாக உணர்கின்றான். அட்டையைப் பிடித்தவன் அம்மண்டபத்தைக் கையில் ஏந்துகின்றான். இவை இருவேறு உறவுகள். பிந்தியதிலிருந்து முந்தியதை ஊகிக்க உதவுவது அட்டையின் பின்புறத்திலுள்ள சிறிய எழுத்துக்களே: ஓவியர் பெயர், ஆண்டு, எதன்மீது எதனால் தீட்டப்பட்டது, உயரம், அகலம், இருக்குமிடம். தபாலட்டையின் மனச்சாட்சி அதன் பின்புறத்தில் இருக்கின்றது என்று சொல்லத் தோன்றுகின்றது. அளவு குறிப்பிடாத அட்டையை நான் தரமான அட்டையாகக் கருதுவதில்லை, அதன் அச்சு எத்துணைப் பளபளப்பாயினும்.

நிறத்தின் செய்தி இதனினும் சிக்கலானது. ஆம்ஸ்ரர்டாமிலுள்ள றைக்ஸ் நூதனசாலையில் வெர்மியர் 1660 அளவில் தீட்டிய 'பால் வார்க்கும் பெண்' இருக்கின்றது. 45.5 சென்ரிமீற்றர் உயரமும் 41 சென்ரிமீற்றர் அகலமுமே உடைய சிறிய ஓவியம் அது. மஞ்சள் மேற்சட்டையும் நீல முன்றானைத் துணியும் அணிந்த பணிப்பெண் ஒருத்தி குடத்திலிருந்து பாலைச் சட்டியில் வார்க்கின்றாள். சன்னலொளி வெள்ளைச் சுவரிற் குளிர்ச்சியாகப் படிகின்றது. இணையத்தில் இவ்வோவியத்தின் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பிரதிகள் உலாவியதாகவும், அவற்றுட் பல மஞ்சள் பூத்து நிறந்திரிந்தவையாக இருந்ததாகவும் நூதனசாலையினர் கண்டனர். விளைவு வியப்புக்குரியது. நூதனசாலையின் விற்பனைப் பகுதியிலிருந்த, நிறம் பிழையாத தபாலட்டையைப் பார்த்த மக்கள் அது மூலத்தின் உண்மையான படம் என்று நம்ப மறுத்தனர். 2011 இல் 'யுரோப்பியானா' என்னும் ஐரோப்பியப் பண்பாட்டு நிறுவனம் வெளியிட்ட அறிக்கையொன்று இச்செய்தியைக் கூறி, இதற்கு 'மஞ்சள் பால்காரியின் பிரச்சினை' என்றே பெயரிட்டது. பின்னர் அந்நூதனசாலை தன்னிடமுள்ள உயர்தரப் படங்களை எவரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தத் திறந்துவிட்டது.

இந்நிகழ்ச்சியை ஒரு வேடிக்கையாகக் கொண்டு கடந்துசெல்லுதல் கூடாது. பிரதி பற்றிய அறவியற் பிரச்சினையின் உயிர்நிலை இங்கேயே உள்ளது. தாழ்ந்த பிரதியின் தீங்கு அது குறைவாகக் காட்டுகின்றது என்பதன்று. குறைவாகக் காட்டுவது எல்லாப் பிரதிகளுக்கும் பொது. கறுப்பு வெள்ளைப் புகைப்படம் நிறம் முழுவதையும் விட்டுவிடுகின்றது, ஆயினும் எவரையும் ஏமாற்றுவதில்லை. தாழ்ந்த பிரதி தான் காட்டாததையும் காட்டியதாக நம்பச் செய்கின்றது. பார்ப்பவனின் கண்ணிற் பொய்யான அளவுகோலொன்றை நாட்டி, உண்மை எதிரே வரும்போது அதனையே பொய்யெனத் தள்ளவைக்கின்றது. எனவே பிரதியின் தரம் என்பதை மையின் செறிவாகவோ அட்டையின் கனமாகவோ மட்டும் கொள்ளாது, அது தனது குறைபாட்டை எவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொள்கின்றது என்பதைக் கொண்டும் மதிப்பிடல் வேண்டும். சாட்சியொருவர் 'இதனைக் கண்டேன், அதனைக் காணவில்லை' என்று பிரித்துக் கூறுவாராயின் அவரது சாட்சியம் ஏற்கத்தக்கது. கண்டதைக் கூட்டிச் சொல்பவர் நூற்றுக்குத் தொண்ணூறு உண்மை சொன்னாலும் ஆபத்தானவர்.

ஓவியத்தை வெட்டி அச்சிடும் வழக்கத்தையும் இவ்வளவுகோலாலேயே அளக்கலாம். ராபேலின் 'சிஸ்தீன் மடோனா' ஜேர்மனியின் டிரெஸ்டன் நகரில் உள்ளது. இரண்டரை மீற்றருக்கு மேல் உயரமான அவ்வோவியத்தின் அடிவிளிம்பில், கைகளில் மோவாயைத் தாங்கியபடி மேல்நோக்கும் இரு குழந்தைத் தேவதூதர் உளர். அவ்விருவரையும் மட்டும் வெட்டியெடுத்த படம் தபாலட்டையிலும் வாழ்த்தட்டையிலும் இனிப்புப் பெட்டிகளிலும் உலகெங்கும் திரிகின்றது. அதனை அறிந்தோருட் பலர் அது ஒரு பெரிய ஓவியத்தின் மூலை என்பதை அறியார். அக்குழந்தைகள் எதனை நோக்குகின்றனர் என்ற கேள்வியே படத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. 'பகுதி' என்ற ஒரு சொல்லை அட்டையின் பின்புறத்தில் இட்டிருந்தால் இக்குற்றம் பெரும்பாலும் நீங்கியிருக்கும்.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். தொஸ்தோயெவ்ஸ்கியின் பீற்றர்ஸ்பேர்க் இல்லத்தில் அவரது எழுதும் அறையின் சாய்விருக்கைக்கு மேலே தொங்கியது இதே மடோனாவின் பெரிய புகைப்படப் பிரதி. 1879 இல் அன்பளிப்பாகக் கிடைத்த அப்படத்தில் அன்னையும் குழந்தையும் அடங்கிய நடுப்பகுதி மட்டுமே இருந்தது. வெட்டப்பட்ட அப்பிரதியின் கீழேதான் அவர் தமது வாழ்வின் இறுதிக் காலத்தைக் கழித்தார். ஆயின் அவர் 1867 இலேயே டிரெஸ்டனில் மூலத்தின் முன் நின்றவர். வெட்டப்பட்டது எது என்று அவருக்குத் தெரியும். அறிந்தவனுக்கு நினைவூட்டியாகும் அதே துண்டு அறியாதவனுக்குப் பொய்யாகின்றது. ஆகவே பிரதியின் நேர்மை அட்டையில் மட்டும் தங்கியிருப்பதன்று என்பதையும் ஏற்க வேண்டியுள்ளது. பார்ப்பவனின் அறிவும் அதிற் பங்குகொள்கின்றது.

பிரதி எப்பொழுதும் மூலத்தின் கீழேயே நிற்கும் என்று கருதுவோர்க்கு வரலாறு சில வியப்புக்களை வைத்திருக்கின்றது. றெம்பிரான்டின் 'இராக்காவல்' ஓவியம் 1715 இல் ஆம்ஸ்ரர்டாம் நகர மண்டபத்துக்கு மாற்றப்பட்டபோது, புதிய சுவரில் அடங்கவில்லை என்பதற்காக நான்கு புறமும் வெட்டப்பட்டது. வெட்டிய துண்டுகள் இன்று இல்லை. ஆனால் பதினேழாம் நூற்றாண்டிலேயே, ஹெறிற் லுண்டென்ஸ் தீட்டியதெனக் கொள்ளப்படும் சிறிய பிரதியொன்று, முழு ஓவியமும் எவ்வாறிருந்தது என்பதைக் காட்டுகின்றது. 2021 இல் நூதனசாலையினர் அப்பிரதியை ஆதாரமாகக் கொண்டு, கணினியின் துணையோடு இழந்த பகுதிகளை மீளமைத்து மூலத்தின் ஓரங்களிற் சில காலம் பொருத்திக் காட்டினர். மூலம் மறந்துவிட்டதைப் பிரதி நினைவில் வைத்திருந்தது. நமது நாட்டிலும் இத்தகைய உதாரணம் உண்டு. தொல்பொருளாய்வாளர் எச். சி. பி. பெல்லின் காலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், டி. ஏ. எல். பெரேரா சிகிரியாச் சுவரோவியங்களைத் தைலவர்ணத்திற் பிரதி செய்தார். 1967 இல் விஷமிகள் அவ்வோவியங்கள் மீது வர்ணம் பூசிச் சிதைத்தபோது, அத்தகைய பிரதியொன்று முன்னரே செய்யப்பட்டிருப்பதன் பெறுமதி யாவர்க்கும் புலப்பட்டிருக்கும்.

பிரதியிலிருந்து கலையே பிறத்தலும் உண்டு. வான்கோ 1889 இல் சென் றெமி மருத்துவமனையில் இருந்தபோது அவரிடம் இருந்தவை மில்லே, டெலக்குருவா முதலியோரின் ஓவியங்களுக்குச் செய்யப்பட்ட நிறமற்ற அச்சுப்படங்கள். டெலக்குருவாவின் ஓவியமொன்றின் கல்லச்சுப் படம் வர்ணத்துள் விழுந்து பழுதாகியது. அத்துயரத்தோடு அதனைத் தாமே வர்ணத்தில் தீட்டத் தொடங்கினார். மில்லேயின் படங்களைக் கொண்டு இருபதளவில் தீட்டினார். பிறர் ஆக்கிய இசையை வாசிக்கும் கலைஞனைப் போலத் தாம் செயற்படுவதாக அவர் தம்பிக்கு எழுதினார். அவரது கையிலிருந்தது நிறமற்ற அச்சு என்பதையும் அந்நிறமின்மையே அவரது நிறத்துக்கு இடம் விட்டது என்பதையும் நோக்க வேண்டும். மலிவான அச்சுப்படத்தின் வழியே மூலத்தோடு உறவுகொள்ளுதல் இயலாது என்று இதன்பின் ஒருவர் வாதிப்பது கடினம்.

இனி, பிரதியின் உயர்தரமே அறவியற் சங்கடமாக மாறும் ஒரு நிலையைக் காண்போம். முன்னர்க் குறிப்பிட்ட 'கானாவூர்த் திருமணம்' லூவருக்காகத் தீட்டப்பட்டதன்று. வெனிஸ் நகரின் சான் ஜோர்ஜோ மஜோரே தீவிலுள்ள பெனடிக்தின் துறவியரின் உணவு மண்டபத்துக்காக 1562, 1563 ஆம் ஆண்டுகளில் தீட்டப்பட்டது. அம்மண்டபத்தை வடிவமைத்தவர் பல்லாடியோ. 1797 இல் நெப்போலியனின் படையினர் ஓவியத்தைக் கழற்றிப் பரிசுக்குக் கொண்டுசென்றனர். நெப்போலியனின் வீழ்ச்சிக்குப் பின்னர் பல கலைப்பொருள்கள் உரிய இடங்களுக்குத் திரும்பின, இவ்வோவியம் திரும்பவில்லை. பயணத்தைத் தாங்காது என்று காரணம் கூறி, அதற்கீடாக லெ புரூனின் ஓவியமொன்று வெனிசுக்கு அளிக்கப்பட்டது. 2007 இல் 'பக்தும் ஆர்த்தே' நிறுவனத்தார் மூலத்தை நுணுக்கமாக அளந்து பதிவுசெய்து, அதே அளவிலான நேர்ப்பிரதியொன்றை ஆக்கிச் சான் ஜோர்ஜோவின் அதே சுவரிற் பொருத்தினர். ஓவியம் எந்த ஒளியை, எந்தக் கட்டடத்தை எண்ணித் தீட்டப்பட்டதோ அவ்விடத்திற் பிரதி நிற்கின்றது. எந்த மண்டபத்தோடும் உறவற்று, மோனா லிசாவை நோக்கி நிற்கும் கூட்டத்தின் பின்னே மூலம் தொங்குகின்றது. மூலத்தின் பொலிவு பிரதியிடம் குடிபெயர்ந்துவிட்டதா என்று புறூனோ லாற்றூர், அடம் லோ ஆகியோர் இதுபற்றி எழுதினர்.

கேள்வி நல்லது. அதன் மறுபக்கமும் பேசப்படல் வேண்டும். பிரதி இவ்வளவு சிறந்ததாயின், மூலத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டிய தேவை இல்லை என்று கவர்ந்தவன் வாதிக்கலாம். அதே வாதத்தைத் திருப்பி, பிரதி இவ்வளவு சிறந்ததாயின் அதனை நீரே வைத்துக்கொண்டு மூலத்தைத் தாரும் என்று இழந்தவனும் கேட்கலாம். முதலாவது வாதம் அடிக்கடி காதில் விழுகின்றது, இரண்டாவது அரிதாகவே விழுகின்றது. பிரதியை மற்றவனுக்கும் மூலத்தைத் தனக்கும் பங்கிடுபவன் இரண்டும் சமம் என்று சொல்லும்போது, அச்சொல்லை அவனே நம்பவில்லை என்பது தெளிவு.

பிரதி யாருக்கு உரியது என்பதும் இதனோடு சேர்ந்த வினா. பல நூற்றாண்டுகளுக்கு முன் இறந்த ஓவியரின் ஆக்கத்தைப் புகைப்படமெடுத்த நிறுவனம் அப்படத்துக்கு உரிமை கோரலாமா? 1999 இல் நியூயோர்க்கிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றமொன்று, பிரிட்ஜ்மன் நூலகத்துக்கும் கோறெல் நிறுவனத்துக்குமிடையிலான வழக்கில், மூலத்தை அப்படியே பெயர்க்கும் புகைப்படத்திற் புதுப்படைப்பு எதுவுமில்லையாதலின் அதற்குப் பதிப்புரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. ஐரோப்பிய ஒன்றியமும் 2019 இன் பதிப்புரிமைப் பணிப்புரையில் இதே நிலையை மேற்கொண்டது. பிரதி எவ்வளவுக்கு உண்மையானதோ அவ்வளவுக்கு அது எவருக்கும் தனியுரிமையற்றது என்பது இதன் பொருள். பொதுமக்களின் உடைமையாகிவிட்ட ஓவியத்தை அச்சிட்ட அட்டைக்கு நாம் கொடுக்கும் விலை காகிதத்துக்கும் அச்சுக்கலைஞனின் கண்ணுக்கும் கைக்கும் உரியது. அது நியாயமான விலை.

நேரிற் சென்று காணாதவன் எதையும் காணவில்லை என்ற கூற்றுக்கு இப்பொழுது திரும்பலாம். இக்கூற்றிற் கலையுணர்வைவிட விமானச் சீட்டின் செருக்கே மிகுதியும் ஒலிப்பதாக எனக்குப் படுகின்றது. லூவரின் முன் வரிசையில் நின்று, மோனா லிசாவைச் சில கணங்கள் கைத்தொலைபேசியின் திரையினூடே பார்த்து வெளியேறியவரையும், அறையிலுள்ள மேசைமீது ஓர் அட்டையைச் சாய்த்து வைத்து ஒரு மாதகாலம் நாள்தோறும் பார்த்தவரையும் ஒப்பிட்டால், முன்னவர் மூலத்தின் முன் நின்றவர், பின்னவர் ஓவியத்தின் அமைப்பை அறிந்தவர். கை எங்கே மடிகின்றது, அடிவானம் இருபுறமும் ஏன் ஒரே உயரத்தில் இல்லை என்பவற்றைப் பின்னவரிடம் கேட்கலாம். வர்ணப் படலத்தின் தடிப்பு, பழைய வாணிஷின் ஆழம், அருகே செல்லச் செல்ல உருவம் தூரிகைத் தடமாகக் கலைந்துபோகும் விந்தை ஆகியவற்றை அவரிடம் கேட்கமுடியாது. அவை அவருக்கு எட்டாதவை. எட்டாதவை என்று அவர் அறிந்திருப்பாராயின் அவரது அறிவு குறைவானதேயன்றிப் பொய்யன்று. காணாத குறையை உணர்ந்தபடியே காண்பதும் காண்பதில் ஒரு வகையே.

மேலும், தபாலட்டைக்கு மூல ஓவியத்துக்கு இல்லாத ஒரு தன்மை உண்டு. அதனை அனுப்பலாம். ஒருபுறம் ஆயிரக்கணக்கில் அச்சான படம். மறுபுறம் ஒருவர் மற்றொருவருக்குக் கைப்பட எழுதிய நாலு வரி. குட்மனின் பாகுபாட்டின்படி நோக்கினால், கைபட்ட ஒரே பொருள் என்ற தகுதி அந்தப் பின்புறத்துக்கே உரியதாகின்றது. பழைய அட்டைகளைச் சேகரிப்போருட் சிலர் எழுதப்பட்ட அட்டையைப் பழுதுற்றதாக ஒதுக்குவர்; வேறு சிலர் அதனையே தேடுவர். நான் இரண்டாவது கட்சியைச் சேர்ந்தவன்.

வாங்குவோர்க்குப் பயன்படக்கூடிய ஒரு வழக்கத்தை இங்கு குறிப்பிடலாம். ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்தோர் ஒரே ஏட்டை நம்பியிருக்கவில்லை. பல ஏடுகளைத் தருவித்து, அவை வேறுபடும் இடங்களைப் பாடபேதமாகக் குறித்தனர். ஓவியத்துக்கும் அவ்வாறு செய்யலாம். வெர்மியரின் 'சரிகை பின்னும் பெண்' லூவரிலுள்ளது. 24 சென்ரிமீற்றர் உயரமும் 21 சென்ரிமீற்றர் அகலமுமே உடையதாதலால், தபாலட்டையில் ஏறத்தாழ அரைப்பங்கு நீள அகலத்தோடு கிடைக்கும். வெவ்வேறு அச்சகத்தாரின் இரண்டு மூன்று அட்டைகளை வாங்கிப் பகலொளியில் அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும். ஒன்றிற் பின்சுவர் சாம்பல் நிறம், மற்றொன்றில் இளமஞ்சள். ஒன்றில் விளிம்பிற் சிறிது வெட்டுப்பட்டுள்ளது. முன்பக்கத்து மெத்தையிலிருந்து வழியும் செந்நூலும் வெண்ணூலும் ஒன்றிற் கூராகவும் மற்றொன்றிற் கசிந்தும் தோன்றும். எந்த அட்டை சரியென்று நம்மால் தீர்மானிக்க இயலாது. ஆனால் அவை வேறுபடும் இடங்களெல்லாம் அச்சுக்குரியவை என்பதும், எல்லாவற்றிலும் மாறாது நிற்பவையான குனிந்த தலை, விரல்களின் ஒடுங்கிய சந்திப்பு, வலப்புறத்திலிருந்து விழும் ஒளி ஆகியவை பெரும்பாலும் ஓவியருக்குரியவை என்பதும் தெரியவரும். சுவரின் நிறத்தைப் பென்சிலால் ஐயக்குறியிட்டு அட்டையின் பின்புறத்திற் குறித்துவைக்கலாம். என்றாவது பரிசுக்குச் செல்ல வாய்த்தாற் பார்க்கவேண்டியது அது.